ரெண்டு சுழி ன

அரை மார்க் போட்டுவிட்டேன். போட்டு முடித்து, ரெண்டு சுழி ன-வைச் சிவப்பு மையில் வட்டமிட்டு மேலே மூணு சுழி ண எழுதி, ல்ல-வை அடித்து ள்ள ஆக்கி, போரார் என்பதில் ர-வைத் திருத்தி ற வைத்து, அடுத்த பேப்பருக்குக் கை நீண்ட பிறகுதான் அங்கே எழுதியிருந்தது என்ன என்பது மண்டைக்குள் இறங்கியது. ஏழாவது கேள்வி. உங்கள் வீட்டைப் பற்றி ஐந்து வரிகள் எழுதுக. காலையில் ஒட்டம்பாறை அங்கன்வாடியில் பத்தொன்பது பேர் தரையில் குந்தி எழுதினார்கள், பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை, வயது வந்தோர் எழுத்தறிவுத் தேர்வு. ஆறு மாதமாக அவர்களுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தது நான்தான். ஆசிரியர் பயிற்சி முடித்துப் பன்னிரண்டு வருஷமாக வேலைக்குக் காத்திருக்கிற பூங்கோதை, அவர்களுக்கு டீச்சர். பேப்பரைக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, மதியம் சாப்பிட்டு, அம்மா தூங்கப் போனதும் திருத்த உட்கார்ந்தேன். பதினொன்றாவது பேப்பர் அஞ்சலாட்சியுடையது. என் பேர் அஞ்சலாட்சி. என் ஊர் ஒட்டம்பாறை. எங்கள் வீட்டில் மூன்று ஆடு உள்ளது. அவர் என்னை கொல்ல போரார். வீட்டில் வேறு யாரும் இல்லை. நாலாவது வரியை எண்ணெய் என்றே படித்திருக்கிறேன். அவள் புருஷன் ஏகாம்பரம் எண்ணெய் வியாபாரி, செக்கிலிருந்து கேன் கேனாக வாங்கி மொபெட்டில் கட்டி ஊர் ஊராக விற்கிறவன், மொத்தமாக வாங்குவதை அந்தப் பக்கம் கொள்வது என்றுதான் சொல்வார்கள், வேர்க்கடலை வாங்க ஆள் வந்தால் மல்லாட்ட கொள்ள வந்திருக்காங்க, எண்ண கொள்ளப் போறாரு. அவர் எண்ணெய் கொள்ளப் போறார். என் கண் அதைத்தான் பார்த்தது, என் கை அதைத்தான் எழுதியது. என் சிவப்பு எழுத்துக்குக் கீழே அவளுடைய பென்சில் எழுத்து அப்படியே இருக்கிறது. கொம்பு உடைந்த கொ. அதற்குப் பக்கத்தில் ல்ல.

தப்பாகத்தான் எழுதியிருப்பாள். யார்தான் ன-வும் ண-வும் சரியாக எழுதினார்கள், பத்தொன்பது பேரில் நாலு பேர் தேறுவார்களா. போறார் என்பதற்கே சின்ன ர போட்டவள். ற தெரியாதவளுக்கு ண தெரியுமா என்ன. ற-வில் தவறியது தெரியாமல்தான் என்றால் ன-வில் தவறியதும் தெரியாமல்தான், ல-வும் அப்படித்தான், மூன்றும் ஒரே கையின் மூன்று தப்பு. ஆனால் மற்ற இடத்தில் அவள் ள தப்பவில்லையே. எங்கள் என்பதற்கு ள போட்டிருக்கிறாள். உள்ளது என்பதற்கு ள்ள போட்டிருக்கிறாள், இரண்டும் சரி, ஒரு வரி மேலே. மூன்றாவது வரியில் தெரிந்த ள்ள நாலாவது வரியில் எப்படி மறக்கும். மறக்கும், வயிறு காய்ந்தால் மறக்கும், மணி பன்னிரண்டரை ஆகியிருக்கும். சிவப்புப் பேனாவின் மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், நாக்கில் பிளாஸ்டிக் கசக்கிறது. உள் அறையில் அம்மா குறட்டை விட்டு நிறுத்தி மறுபடி விடுகிறாள். நாளைக்குப் பத்து மணிக்குப் பேப்பர் கட்டை ஒன்றிய அலுவலகத்தில் கொடுக்க வேண்டும், கொடுத்துவிட்டால் அது மூட்டையில் போய்விடும், யாரும் இன்னொரு தடவை இதைப் படிக்கப்போவதில்லை. உலகத்திலேயே இந்த வரியைப் படிக்கப் போகிறவள் நான் ஒருத்திதான். அது அவளுக்குத் தெரியும். பேப்பரை யார் திருத்துவாங்க டீச்சர் என்று போன வாரம் கேட்டாள். நான்தான் என்றேன். வேற யாரும் பாக்க மாட்டாங்களா என்றாள். பயப்படாதே, நான் கொஞ்சம் தாராளமாத்தான் போடுவேன் என்று சிரித்தேன். மார்க்குக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன்.

அந்த வரியும் என்னால் வந்ததுதான். ஒரு மாசத்துக்கு முன்னால், புதன்கிழமை, ல-வும் ள-வும் நடத்தின அன்று. பல்லுக்குப் போடற ல, பள்ளத்துக்குப் போடற ள என்று தொண்டை வற்றக் கத்தியும் ஒருத்திக்கும் ஏறவில்லை, ரெண்டும் ஒண்ணாத்தான டீச்சர் கேக்குது என்றார்கள், அதுவும் நிஜம், அந்த ஊர் வாயில் ரெண்டும் ஒன்றுதான். சிரிக்க வைத்தால் மனசில் நிற்கும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். போர்டில் எழுதினேன். அவர் எண்ணெய் கொள்ளப் போறார். கீழே ண-வை ன ஆக்கி, ள-வை ல ஆக்கி இன்னொன்று எழுதினேன். பாருங்க, எழுத்து மாறினா ஏகாம்பரம் அண்ணன் வியாபாரத்துக்குப் போறதுக்குப் பதிலா ஜெயிலுக்குப் போயிடுவாரு என்றேன். அங்கன்வாடியே அதிர்ந்தது. அவள் சிரிக்கவில்லை. சுவர் ஓரமாக உட்கார்ந்து ரெண்டு வரியையும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக, நாக்கை நுனிப்பல்லில் வைத்துக்கொண்டு. அப்படியென்றால் தெரிந்தே எழுதியிருக்கிறாள். அல்லது அந்த ரெண்டாவது வரியைத்தான் சரியான வரி என்று மனப்பாடம் செய்துவிட்டாளா. அப்படியும் நடக்கும். நடக்குமா. நான் எழுதிப் போட்ட வரி, என் கையெழுத்தில் இருந்த வரி, ஒரு மாசம் கழித்து அவள் கையெழுத்தில் எனக்கே திரும்பி வந்திருக்கிறது.

கிணற்றை நினைக்க வேண்டாம் என்று நினைக்கிறேன், அதனால் கிணறே வருகிறது. ஏகாம்பரம் வீட்டுக்குப் பின்னால் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. மூத்தவள் கோமளா, அவனுடைய முதல் பொண்டாட்டி, அதில்தான் தவறி விழுந்தாள், ஏழு வருஷம் முன்பு, தண்ணி இறைக்கப் போனவள் என்றார்கள். அவள் எட்டாவது வரை படித்தவள், ஊரில் யாருக்குக் கடுதாசி எழுதவேண்டுமென்றாலும் அவளிடம்தான் வருவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மறு வருஷமே அஞ்சலாட்சியைக் கட்டிக்கொண்டுவந்தான். அம்மா அப்பா இல்லாத பெண், சித்தப்பா வீட்டில் வளர்ந்தவள், கேட்டவுடன் கொடுத்துவிட்டார்கள். பேர் சேர்க்கப் போன அன்று ஏகாம்பரம் கேனைக் கழுவிக்கொண்டே சொன்னான், நானே கைநாட்டுதான் டீச்சர், இவ படிச்சு இன்னா பண்ணப் போறா, சரி கூட்டினு போங்க, சாயங்காலம் ஒரு மணி நேரம்தான. நல்ல மனுஷன் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுக்காரன் முகத்தில் கதவைச் சாத்தினானே, இவன் சாத்தவில்லையே என்று. ஆறு வாரத்துக்கு முன் அவள் மணிக்கட்டு வீங்கி நீலமாக இருந்தது. என்ன ஆச்சு என்று கேட்டேன். கிணத்தடியில வழுக்கிடுச்சு டீச்சர். கிணற்றடியில். நான் அந்தச் சொல்லைக் கேட்டேன், கேட்டுவிட்டுச் சாக்பீஸை எடுத்தேன், அன்றைக்கு ற நடத்த வேண்டியிருந்தது, மேற்பார்வையாளர் வருவதாகச் சொல்லியிருந்தார்.

மணி மூணே முக்கால். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன், பேப்பர் பையில் இருக்கிறது, அம்மாவிடம் சொல்லவில்லை, கதவை வெறுமனே சாத்திவிட்டு வந்தேன். எங்கள் செங்கமேட்டிலிருந்து ஒட்டம்பாறைக்கு ரெண்டு கிலோமீட்டர், தார் ரோட்டில் ஒன்று, அப்புறம் மண் ரோடு. போய் என்ன சொல்வேன். உன் பொண்டாட்டி நீ கொல்லப் போறேன்னு எழுதியிருக்கா, நிஜமா என்றா. நிஜமென்றால் நான் கேட்டதாலேயே அவள் செத்தாள். பொய்யென்றால் ஊர் முழுக்க ஒருவனைக் கொலைகாரன் ஆக்கினவள் ஆவேன், நாளையிலிருந்து ஒரு பெண் வகுப்புக்கு வரமாட்டாள், எண்ணெய்க்காரன் பொண்டாட்டி எழுதத் தெரியாமல் எழுதியதை டீச்சர் படிக்கத் தெரியாமல் படித்தாள் என்பார்கள். மல்லாட்டை பிடுங்கின கொல்லையெல்லாம் காலியாகக் கிடக்கிறது, வெயில் சாய்ந்தும் மண் சூடு இறங்கவில்லை, செருப்பு வழியாக ஏறுகிறது. எதிரே ஒரு ஜீவன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் எங்கே போய்விடுகிறார்கள். அவள் ஒரு மணிக்கு எழுந்து போனபோது பேப்பரை என் கையில் கொடுத்தாள், எல்லோரும் மேஜை மேல் வைத்தார்கள், அவள் மட்டும் கையில் கொடுத்தாள், விடாமல் ஒரு நொடி பிடித்திருந்தாள். எழுதிட்டேன் டீச்சர் என்றாள். நான் ஹால் டிக்கெட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். சரி சரி போ என்றேன். ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை மூன்று மணி நேரம். மூன்று மணி நேரத்தில் என்னென்ன நடக்கலாம். நான் சோறு தின்றேன், ரசம் ஊற்றிக்கொண்டேன், அப்பளம் வேண்டுமென்று அம்மாவிடம் சண்டை போட்டேன். வேகமாக நடந்தால் மூச்சு வாங்குகிறது, மெதுவாக நடந்தால் கிணறு வருகிறது. கூட்டம் கூடியிருந்தால் இங்கிருந்தே சத்தம் கேட்கும், கேட்கவில்லை, அதனால் ஒன்றும் ஆகவில்லை. அல்லது இன்னும் யாரும் பார்க்கவில்லை.

மொபெட் வேப்பமரத்தடியில் நிற்கிறது. அவன் வாசலில் குந்திக் கேனுக்குள் கையை விட்டுச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறான், முழங்கை வரை எண்ணெய் மினுக்கு. என்னைப் பார்த்ததும் எழுந்தான். "வாங்க டீச்சர். ஞாயித்துக்கெழமகூட உங்களுக்கு லீவு இல்லியா." "அஞ்சலாட்சி இருக்காளா?" "இருக்கா. எங்க போவா." சிரித்த முகம்தான். உள்ளே பார்த்துக் கூப்பிடவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டான், "பேப்பர் திருத்திட்டீங்களா? பாஸா, பெயிலா?" எல்லாப் புருஷனும் கேட்கிற கேள்வி. ஆனால் துடைக்கிற கை நின்றுவிட்டது. நான் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அது நின்றது. "அதுலதான் ஒரு சந்தேகம். அவளைக் கொஞ்சம் கூப்பிடுங்களேன்." அதற்குள் அவளே வந்து நிலைப்படியில் நின்றாள். உயிரோடு இருக்கிறாள். காலையில் கட்டியிருந்த அதே கத்தரிப்பூச் சேலை. அப்போதுதான் அவ்வளவு நேரமும் எதை எதிர்பார்த்து நடந்தேன் என்பது எனக்கே தெரிந்தது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, பையைப் பார்த்தாள். பேப்பரை எடுத்து நீட்டினேன். "நாலாவது வரியைப் படி." சொன்ன பிறகுதான் உறைத்தது, இவன் கேட்டுக்கொண்டு நிற்கிறானே. அவள் பேப்பரை வாங்கி, நகத்தால் கோடு போட்டுக்கொண்டு, வகுப்பில் படிக்கிற மாதிரியே இழுத்து இழுத்துப் படித்தாள். அவர், எண்ண, கொள்ள, போறார். அதுதான் கேட்டது. என் காதிலும் அதுதான் கேட்டது. ரெண்டும் ஒண்ணாத்தான டீச்சர் கேக்குது. ஏகாம்பரம் சிரித்தான். "ஆமா, எண்ண கொள்ளத்தான் போறன், நாளைக்குக் காலைல. இதெல்லாமா பரீட்சைல எழுதுவாங்க?"

"வீட்டைப் பத்தி எழுதச் சொன்னது" என்றேன். "எழுத்துதான் சந்தேகமா இருக்கு. அஞ்சலாட்சி, இது ரெண்டு சுழியா, மூணு சுழியா?" அவள் பேப்பரில் என் சிவப்பு வட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் அவளுக்குத் திருத்திக் கொடுத்திருந்த எண்ணெயைப் பார்த்தாள். வெட்கமாக இருந்தது எனக்கு, அந்த இடத்தில், அந்த பயத்திலும். "ரெண்டு சுழி டீச்சர்." "மறந்துபோய்ப் போட்டியா?" "இல்ல. தெரிஞ்சுதான் போட்டேன்." அவன் என் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "இன்னா டீச்சர், தப்பா?" "தப்புதான்" என்றேன். "பெயில்." நான் எதையும் யோசித்துச் சொல்லவில்லை, அவளை அங்கிருந்து கிளப்ப ஒரு காரணம் வேண்டும், அவ்வளவுதான் தெரிந்தது. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் அவன் தோள் ரெண்டும் இறங்கியதைப் பார்த்தேன். மூச்சு விட்டான். முகம் அப்படியே இளகியது. பொண்டாட்டி பெயில் என்று கேட்டு இவ்வளவு நிம்மதியான ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. "ஒரே ஒரு கேள்வியை மறுபடி எழுதிட்டா சரியாயிடும். நாளைக்கு பேப்பர் போயிடும், அதனால இப்பவே என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் எழுத வெச்சுடறேன்." "வேணாம் டீச்சர்" என்றான், மெதுவாகத்தான் சொன்னான். "பெயிலாவே இருக்கட்டும். அவளுக்கு மண்டைல ஏறல. எதுக்குத் திரும்ப?" கேனை எடுத்துக் கவிழ்த்தான், தண்ணி கொடகொடவென்று இறங்கி மண்ணில் ஓடிக் கிணற்றுப் பக்கமாகப் போயிற்று. அவள் அசையவில்லை. நான் பேசாமல் திரும்பினால் திரும்பலாம். அந்த ஒரு வினாடி எனக்குள் அதுவும் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். கேட்டாயிற்று, அவன் விடவில்லை, நான் என்ன செய்வேன். "பெயிலானவங்க வீட்டுக்கு மேல இருந்து ஆள் வருவாங்க" என்றேன். "ஏன் பெயிலு, வீட்டுல என்ன கஷ்டம், புருஷன் படிக்க விடறாரா, எல்லாத்தையும் கேட்டு எழுதிப்பாங்க. பத்து நாளைக்குத் தினமும் வருவாங்க. உங்களுக்குத்தான் தொந்தரவு." இப்படியெல்லாம் ஒரு விதியும் கிடையாது. அவன் அவளை ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு கேனுக்குள் மறுபடி கையை விட்டான். "சரி. இருட்டறதுக்குள்ள அனுப்பிடுங்க."

ஓடக்கூடாது. ஓடினால் தெரிந்துவிடும். வேப்பமரம், குப்பைமேடு, அங்கன்வாடி, அது பூட்டியிருக்கிறது, வாசலில் நான் காலையில் ஒட்டின தேர்வு மையம் தாள் ஒரு முனை பிய்ந்து ஆடுகிறது. அவள் எனக்கு ஒரு எட்டுப் பின்னால் வருகிறாள், செருப்புப் போடவில்லை, உள்ளே போய்ச் செருப்பை எடுத்தால் திரும்ப வெளியே விடமாட்டான் என்று நினைத்திருப்பாள். என் முதுகு முழுக்கக் காதாக இருக்கிறது. மொபெட் கிளம்பும் சத்தம் வருகிறதா. வருகிற மாதிரி இருக்கிறது, இல்லை, அது கல் உடைக்கிற கிரஷர், இல்லை, ஞாயிற்றுக்கிழமை கிரஷர் கிடையாது. தார் ரோடு ஏறினதும் செங்கமேட்டுப் பக்கம் திரும்ப வேண்டியவள் திரும்பவில்லை. என் வீடு அவனுக்குத் தெரியும். இருட்டினதும் முதலில் அங்கேதான் வருவான். அம்மா தூங்கிக்கொண்டிருக்கிறாள், கதவை வெறுமனே சாத்தியிருக்கிறேன். பக்கத்து வீட்டு மல்லிகா அக்காவுக்குப் போன் போட்டேன், அம்மாவை உங்க வீட்டுல வெச்சுக்கோங்க, கதவைப் பூட்டிடுங்க, அப்புறம் சொல்றேன். ஏன்டி, என்ன ஆச்சு என்று அவள் கேட்கும்போதே செஞ்சி பஸ் திருப்பத்தில் தெரிந்தது. கையைக் காட்டினேன், ரெண்டு கையையும் காட்டினேன். ஏறி உட்கார்ந்த பிறகு அஞ்சலாட்சி தலையைக் குனிந்து ஜன்னலுக்குக் கீழே இறக்கிக்கொண்டாள், ரெண்டு ஸ்டாப் தாண்டும் வரை நிமிரவில்லை. அவள் தோள் என் தோளில் படுகிறது, இரும்பு மாதிரி இருக்கிறது. செஞ்சியில் மகளிர் போலீஸ் ஸ்டேஷன். என்ன என்று சொல்வது, என்ன சாட்சி, ஒரு பரீட்சைப் பேப்பர், அதிலும் என் கையாலேயே அடித்துத் திருத்திய வரி. கண்டக்டர் வந்தார். "எங்கம்மா?" நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள், "ஆலங்குப்பம். ரெண்டு."

ஆலங்குப்பம் செஞ்சி தாண்டி எட்டு ஸ்டாப். டிக்கெட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, "அங்க யாரு இருக்கா உனக்கு?" என்றேன். எனக்கு யாருமில்ல டீச்சர் என்றாள். பஸ் ஏரிக்கரை ஏறி இறங்கியது, அப்புறம் முன் சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், என்னிடம் சொல்கிற மாதிரிகூட இல்லை. "மூத்தவ எழுதின லெட்டர் ஒண்ணு. சாமி படத்துக்குப் பின்னால சொருகியிருந்துது. நான் கண்ணாலம் ஆகி வந்த வருசமே பாத்துட்டேன். ஒட்டியிருந்துது. இன்னாவோன்னு விட்டுட்டேன். படிக்க ஆரமிச்சப்புறம்தான் பிரிச்சேன்." ஒரு நாளைக்கு ரெண்டு வரி, மூணு வரி என்று படித்திருக்கிறாள். தெரியாத எழுத்து வந்தால் அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்து வகுப்பில் என்னிடம் கேட்டிருக்கிறாள். நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நெகிழ்வாக இருந்தது எனக்கு, எவ்வளவு ஆர்வம் இந்தப் பெண்ணுக்கு என்று. "நேத்து அது அவர் கைல மாட்டிக்கிச்சு. அவருக்குப் படிக்கத் தெரியாதுல்ல. இன்னா எழுதிருக்கு, படின்னாரு. அவ்ளோ எல்லாம் எனக்கு இன்னும் வராதுன்னுட்டேன். சட்டைப் பைல வெச்சுக்கினாரு. நாளைக்குப் பரீட்சைல பாஸ் பண்ணிடுவல்ல, அப்பத் தெரிஞ்சிடும்னாரு." பெயில் என்றதும் அவன் தோள் இறங்கியது இதற்குத்தான். வெளியே விளக்கு போட ஆரம்பித்திருந்தார்கள். "லெட்டர்ல என்ன எழுதியிருந்தா?" என்று கேட்டேன். சொன்னாள். ஒரு பக்கம்தான், மூணு வாரம் எழுத்துக் கூட்டிப் படித்தது, ஒரு சொல் விடாமல் அவளுக்குப் பாடமாகியிருந்தது. கோமளா தன் அம்மாவுக்கு எழுதினது. இவர் என்னைக் கிணத்துகிட்ட நிக்க வெச்சு நிக்க வெச்சுப் பாக்குறாரு, எனக்கு பயமா இருக்கு, பொங்கல் வரைக்கும் காத்திருக்காத, இந்த லெட்டர் கண்டதும் வந்து என்னைக் கூட்டிட்டுப் போ. "அந்த அம்மா இருக்காங்களான்னு தெரியாது டீச்சர்" என்றாள். "அட்ரஸ் முழுசா எழுதியிருந்தா. பேரு, தெருவு, ஊரு ஆலங்குப்பம், பின்கோடு, எல்லாம். ஒட்டித்தான் வெச்சிருந்தா. போடறதுக்குத்தான் அவளுக்கு ஒரு ஆள் கெடைக்கல."